குணமாகாது என்று டொக்டர் சொன்ன பிறகு: வீட்டில் சொல்வதும் வரும் மாதங்களை ஒழுங்குபடுத்துவதும்

வாட்டுக்கு வெளியே வாங்கில் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவருக்காக எழுதப்பட்டது இது. நம் திருகோணமலைப் பக்கத்தில் புற்றுநோய் முற்றிவிட்டது என்ற செய்தி பெரும்பாலும் நோயாளியிடம் முதலில் போவதில்லை. மகனையோ மருமகனையோ தனியே கூப்பிட்டுச் சொல்வார்கள். அவர் வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்டுமில்ல அம்மா, அல்சராம்" என்பார். அந்த ஒரு வசனத்தில் இருந்துதான் பின்னால் வரும் சிக்கல் முழுவதும் கிளைக்கிறது. காணி உறுதியில் வைக்கவேண்டிய கையெழுத்து நோயாளியுடையது. வங்கிக் கணக்கு அவருடையது. எங்கே, யார் பக்கத்தில் இருக்கச் சாகவேண்டும் என்ற விருப்பமும் அவருடையது. அவருக்குத் தெரியாமல் இதில் ஒன்றையும் செய்ய முடியாது.

நோயாளி நீங்களே என்றால் 3 ஆம் பகுதியை உங்கள் வீட்டாருக்குச் சொல்லும் முறையாக வாசியுங்கள். வசனங்கள் அதேதான்.

1. வாங்கை விட்டு எழும்ப முன் கேட்கவேண்டியவை

டொக்டரிடம் மறுபடி உள்ளே போய்க் கேளுங்கள். கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பாதி மறந்துபோகும்.

எந்த உறுப்பில் தொடங்கியது, இப்போது எங்கெல்லாம் இருக்கிறது? இனித் தரப்போகும் மருந்தோ கதிர்ச் சிகிச்சையோ நோயைக் குணமாக்கவா, கொஞ்ச காலம் தள்ளிப்போடவா, நோவைக் குறைக்க மட்டுமா? இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் வருவதுதான் மிகப் பெரிய பிழை. கீமோ எழுதியிருக்கிறார்கள் என்றால் குணமாகும் என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். முற்றிய நோயில் பெரும்பாலும் அது குணமாக்கத் தரப்படுவதில்லை.

காலம் பற்றிக் கேட்கும்போது "எத்தனை மாதம்?" என்று கேட்டால் டொக்டர் நழுவுவார். அதில் நியாயமும் உண்டு, யாராலும் எண் சொல்ல முடியாது. "நாட்கணக்கா, கிழமைக்கணக்கா, மாதக்கணக்கா, வருசக்கணக்கா?" என்று கேளுங்கள். பதில் வரும். வெளிநாட்டில் இருப்பவர் எப்போது டிக்கெட் போடவேண்டும், உறுதி எழுதும் நொத்தாரிசிடம் எப்போது போகவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிலில் தங்கியிருக்கிறது.

கடைசியாக இரண்டு: என்ன நடந்தால் அன்றே கொண்டுவரவேண்டும்? இரவில் நடந்தால் எங்கே போவது?

மொழி பற்றி ஒரு எச்சரிக்கை. டொக்டர் சிங்களத்தில் பேசி, உறவினர் ஒருவர் தமிழில் சொல்லும்போது செய்தி வழியிலேயே மெதுவாகிவிடும். மொழிபெயர்ப்பவர் பயத்தில் பாதியை விழுங்கிவிடுவார். தமிழ் தெரிந்த தாதி ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள்.

2. ஒரே ஃபைல்

முதல் நாளே ஒரு பெட்டி ஃபைல் வாங்குங்கள். டயக்னோசிஸ் கார்ட் (என்ன நோய் என்று வைத்தியசாலை எழுதித் தரும் அட்டை), பயொப்ஸி (சதைத் துண்டுப் பரிசோதனை) ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட்டும் படங்களும், கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைகள், இப்போது எடுக்கும் மருந்துகளின் பட்டியல், ஒவ்வாத மருந்துகள். ஒவ்வொன்றிலும் 3 போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள், ஃபோனிலும் படம் பிடித்து வையுங்கள். மட்டக்களப்புக்கோ மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ கதிர்ச் சிகிச்சைக்கு அனுப்பினால் மூலப் பிரதி கையில் இல்லாமல் போய் நிற்பவர்கள் கிளினிக் நாளை இழந்துவிடுவார்கள்.

டயக்னோசிஸ் கார்டின் கொப்பி ஒன்று எப்போதும் வீட்டில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். அது ஏன் என்பது 8 ஆம் பகுதியில்.

3. நோயாளிக்குச் சொல்வது

நேரம்: காலைத் தேத்தண்ணி முடிந்த பிறகு. பின்னேரம் வேண்டாம். சொல்லி முடித்ததும் இரவு வந்துவிடும், அவர் தனியே விழித்துக்கொண்டு கிடப்பார். கிளினிக்கால் வரும் வழியில், வானுக்குள், கந்தளாய் தாண்டமுன் சொல்லிமுடிப்போம் என்றும் வேண்டாம். அழவேண்டும் என்றாலும் அதில் இடமில்லை. நோவுக்கு மருந்து கொடுத்து ஒரு மணித்தியாலம் ஆன பிறகு, அவர் ஓரளவு இலகுவாக இருக்கும்போது தொடங்குங்கள்.

ஆட்கள்: சொல்பவரோடு இன்னொருவர். அவ்வளவுதான். ஏழு பேர் சுற்றி நின்றால் அது செத்தவீடாகிவிடும். கேற்றைச் சாத்துங்கள், டீவியை நிறுத்துங்கள், ஃபோனைச் சத்தமில்லாமல் வையுங்கள். முக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

முதலில் கேளுங்கள்: "டொக்டர் சொன்னதில உங்களுக்கு என்ன விளங்கினது, அப்பா?" பாதிப் பேருக்கு மேல் தெரிந்துதான் இருக்கும். மஹரகம என்ற ஊர்ப் பெயர் நம் பக்கத்தில் நோயின் பெயராகவே ஆகிவிட்டது, அங்கே போய்வந்தவருக்கு அல்சர் கதை எடுபடாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் சும்மா இருக்கமாட்டார்.

பிறகு அனுமதி கேளுங்கள்: "ரிப்போர்ட்டில உள்ளத முழுக்கச் சொல்லட்டா? இல்லாட்டி இப்ப தேவையானத மட்டும் சொல்லட்டா?"

அடுத்து ஒரு முன்னெச்சரிக்கை: "நாங்க நினைச்ச மாதிரி ரிப்போர்ட் வரேல்ல." இதைச் சொல்லிவிட்டு மூன்று நான்கு மூச்சு நேரம் நில்லுங்கள். மனம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் நேரம் அது.

பிறகு சுருக்கமாகச் செய்தி: "இது கான்சர். ஈரலுக்கும் பரவியிருக்கு. முழுக்கக் குணமாக்க ஏலாது எண்டு சொல்லுறாங்க. நோகாமப் பாக்க நிறையச் செய்யலாம் எண்டும் சொல்லுறாங்க." இந்த நான்கு வசனத்துக்கு மேல் போகவேண்டாம். கட்டி, கழலை, வளர்ச்சி என்று சுற்றி வளைத்தால் அவர் தனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொள்வார். அடுத்த கிழமை மறுபடியும் முதலிலிருந்து சொல்லவேண்டி வரும்.

பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். இதுதான் கடினமான பகுதி. அமைதியைப் பார்த்துப் பயந்து "கடவுள் இருக்கிறார்", "கனடாவில மருந்து இருக்காம்" என்று இட்டு நிரப்பப் பார்ப்போம். வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். அவர் கோபப்படலாம், சிரிக்கலாம், "சாப்பாட்டுக்கு என்ன கறி?" என்று கேட்கலாம். எல்லாம் வழக்கமானதே.

அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். "இன்னும் எவ்வளவு காலம்?" என்று கேட்டால் டொக்டர் சொன்ன அதே அளவில்: "மாதக்கணக்கு எண்டுதான் சொல்லினவர். எண் சொல்ல அவராலயும் ஏலாது." முடிக்கும்போது அடுத்த மூன்று நாளில் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள்: நாளை நோவு மருந்து எடுக்கப் போவது, மறுநாள் தங்கச்சி வருவது. செய்தியோடு மட்டும் அவரை விட்டு எழும்பக்கூடாது.

அவர் "எனக்குச் சொல்லவேண்டாம்" என்றால் திணிக்காதீர்கள். அப்போது ஒன்றைக் கேளுங்கள்: "அப்ப யாரிட்டச் சொல்லலாம்? தீர்மானங்கள யார் எடுக்கட்டும்?" இன்னொருவர் முன்னிலையில் அவர் வாயால் ஒரு பெயர் வரட்டும். அதைத் தேதி போட்டு எழுதி ஃபைலில் வையுங்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு, அல்லது புதிதாக ஏதும் உபாதை தொடங்கினால், மறுபடி கேளுங்கள். மனம் மாறியிருக்கும்.

வீட்டில் ஒரு மாமா இருப்பார். "சொன்னா ஆள் உடைஞ்சிடும், சொல்லக்கூடாது" என்பார். அன்பில்தான் சொல்கிறார், சண்டை பிடிக்கத் தேவையில்லை. "அவரா கேட்டா நான் பொய் சொல்லமாட்டன். கேக்காட்டி வலிஞ்சு சொல்லவும் மாட்டன்" என்ற இடத்தில் உடன்படுங்கள். பெரும்பாலான மாமாமார் இதற்கு இறங்கி வருவார்கள். நோயாளி கட்டாயம் கேட்பார் என்பது உங்களுக்குத் தெரியும்.

4. மற்றவர்களுக்கு: யாருக்கு, எந்த ஒழுங்கில்

யாருக்குச் சொல்லலாம், யாருக்கு வேண்டாம் என்று நோயாளியிடமே கேட்டுப் பட்டியல் போடுங்கள். பிறகு கணவன் அல்லது மனைவி, வளர்ந்த பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், வீட்டுச் சிறுவர்கள். இந்த நெருங்கிய வட்டம் முழுவதும் 24 மணித்தியாலத்துக்குள் முடியவேண்டும். உட்துறைமுக வீதியில் காலையில் சொன்னது மத்தியானம் லண்டனில் வட்ஸ்அப் குழுவில் நிற்கும். தன் தகப்பனின் வருத்தத்தை மச்சாள் சோகப் பொம்மை போட்டு அனுப்பிய செய்தியில் அறிந்த பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.

வெளிநாட்டில் இருப்பவருக்குக் குரல் அழைப்பு, எழுத்துச் செய்தி கூடாது. லண்டன் நம்மைவிடக் கோடையில் 4½ மணித்தியாலமும் குளிர்காலத்தில் 5½ மணித்தியாலமும் பின்னால். ரொறன்ரோ 9½, குளிர்காலத்தில் 10½. நம் இரவு எட்டு மணிக்கு ரொறன்ரோவில் காலை, லண்டனில் பின்னேரம். வேலையில் நிற்கிறாரா, வாகனம் ஓட்டுகிறாரா என்று முதலில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "இப்ப வரட்டா, பிறகு வரட்டா?" என்பது. செலவுக்கு ஒரு பயணம்தான் என்றால் இப்போது வரச் சொல்லுங்கள், கதைக்கக்கூடிய காலத்தில். செத்தவீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்ப்பதைவிட அது பெறுமதியானது. கட்டுநாயக்கவில் இறங்கி இங்கே வர இன்னும் ஐந்தாறு மணித்தியாலம் வீதி இருக்கிறது என்பதையும் கணக்கில் வைக்கட்டும். வேலையிடத்தில் லீவு எடுக்க வைத்தியசாலைக் கடிதம் கேட்பார்கள். கிளினிக் நாளிலேயே டொக்டரிடம் கேட்டு வாங்கி, படம் எடுத்து அனுப்புங்கள்.

நோயாளியின் வயதான தாய் உயிரோடு இருந்தால் அவரிடம் மறைப்பதே வழக்கம். மறைக்காதீர்கள் என்பதே எங்கள் பக்கம். எண்பது வயதில் அவர் பார்த்த சாவுகள் உங்களை விட அதிகம். கடைசி நேரத்தில் மட்டும் கூட்டிக்கொண்டு வந்தால் கதைக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

5. பிள்ளைகளுக்கு

ஐந்து வயதுக்குக் கீழே: "அம்மாவுக்குக் கடும் வருத்தம். அதுக்குப் பேர் கான்சர். காய்ச்சல் மாதிரி மாறாது." போதும். மறுபடி மறுபடி கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொல்லுங்கள். "நித்திரை", "தூரப் பயணம்" என்ற சொற்களைத் தொடவே வேண்டாம். பிறகு படுக்கைக்குப் போகப் பயப்படுவார்கள், தகப்பன் கொழும்புக்குப் போனால் அலறுவார்கள்.

ஆறு முதல் பதினொன்று வரை உள்ள பிள்ளை தான் செய்த குழப்படியால்தான் இது வந்தது என்று நினைக்கும், ஆனால் வெளியே சொல்லாது. ஆகவே கேட்காமலே மூன்றைச் சொல்லுங்கள்: உன்னால வரேல்ல. தொட்டா தொத்தாது, கட்டிப்பிடிக்கலாம். உன்னப் பாக்க இன்னார் இருக்கினம், பெயர் சொல்லி.

பதின்ம வயதினர் விசயத்தில் ஒரு வழக்கமான பொறி உண்டு: "ஓ/எல் முடியட்டும், பிறகு சொல்லுவம்." சோதனை முடியமுன் பிள்ளை கண்டுபிடித்துவிடும், கூகிளில் தேடி மோசமானதை வாசித்தும் இருக்கும். சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை போடுங்கள். மகளைத் தாதியாக்கிவிட வேண்டாம். பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் உடம்பு துடைப்பதும் பதினைந்து வயதுப் பிள்ளையின் முழுநேர வேலை ஆகக்கூடாது.

6. ஊர் வருகிறது

மூன்றாம் நாள் பின்னேரம் முழு ஒழுங்கையும் வரும். ஹோர்லிக்ஸ் போத்தலோடும் வைத்தியக் குறிப்போடும் வரும். ஒருவரை வாசலுக்குப் பொறுப்பாக்குங்கள், நோயாளியோ மனைவியோ கூடாது. பின்னேரம் 4 இலிருந்து 6, ஒரு தடவைக்கு இரண்டு பேர், பதினைந்து நிமிடம் என்று சொல்லலாம். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும்.

கசாயம், இலைச் சாறு, யாரோ மருத்துவரின் தூள் எல்லாம் வரும். கீமோ நடக்கும் காலத்தில் டொக்டரைக் கேட்காமல் உள்ளே கொடுக்கவேண்டாம், ஈரலும் சிறுநீரகமும் இரண்டையும் சேர்த்துச் சுமக்காது. "வையுங்கோ, டொக்டரக் கேட்டுட்டுக் குடுக்கிறம்" என்ற ஒரு வசனம் போதும். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி, பள்ளியில் துஆ, கோவிலில் பூசை எல்லாம் தாராளமாக நடக்கட்டும். காணியை விற்று வெளிநாட்டு மருந்து எடுக்கும் யோசனை வந்தால் மட்டும், 1 ஆம் பகுதியில் கேட்ட இரண்டாம் கேள்வியை அந்த மருந்துக்கும் கேளுங்கள்.

7. நோவும் மருந்தும்

மோர்பின் எழுதினால் பயப்படாதீர்கள். கடைசி மருந்து என்றோ பழகிவிடும் என்றோ நினைத்து அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, ஆள் இரவு முழுக்க முனகுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. நோவுக்காக டொக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் அதற்கு அடிமையாவது அபூர்வம், அது உயிரையும் குறைக்காது.

சாதாரண மோர்பின் அரை மணித்தியாலத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி சுமார் 4 மணித்தியாலம் நிற்கும். ஆகவே மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். "நொந்தாப் பாப்பம்" என்று காத்திருந்தால் நோவு முந்திவிடும், பிறகு அதை அடக்க அதிக அளவு தேவைப்படும். இடையில் நோவு குத்தினால் கொடுக்க மேலதிக அளவு ஒன்றையும் டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். மெதுவாகக் கரையும் குளிசை என்றால் உடைக்கவோ இடிக்கவோ கூடாது, முழு அளவும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

மலச்சிக்கல் கட்டாயம் வரும். மோர்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கவேண்டும், எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள். மூன்று நாள் போகாவிட்டால் காத்திருக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் ஓங்காளமும் இருக்கும், பெரும்பாலும் குறையும். தட்டினாலும் எழும்பாமல், மூச்சு மிக மெதுவாகப் போனால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலை.

இந்த மருந்தைத் தெருமுனைப் பாமசியில் வாங்கலாம் என்று நம்பி இருக்கவேண்டாம். முடிய ஐந்து நாள் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசிக் குளிசையைக் கண்டுபிடிப்பதும், போயா, பெருநாள், பொங்கல் விடுமுறைகளை மறப்பதும்தான் அடிக்கடி நடக்கும் பிழைகள். ஒரு கொப்பியில் நேரம், அளவு, நோவு பத்துக்கு எத்தனை என்று எழுதி வாருங்கள். டொக்டர் அதைப் பார்த்து ஒரு நிமிடத்தில் அளவை மாற்றுவார்.

எலும்பு நோவுக்குக் கதிர் கொடுக்க அனுப்பினால், ஒரே தடவையில் கொடுத்து முடிக்கலாமா என்று கேளுங்கள். பலருக்கு அது போதும். நடக்கமுடியாத ஆளை ஐந்து நாள் மட்டக்களப்புக்கு ஏற்றி இறக்குவதில் உள்ள பாடு இழுத்துச் சென்றவர்களுக்குத்தான் தெரியும்.

அன்றே கொண்டுபோகவேண்டியவை: முதுகு நோவோடு கால் பலம் குறைதல் அல்லது சிறுநீர் கட்டுதல் (ஒரு நாள் தாமதித்தால் நடை திரும்பாமல் போகலாம்), கீமோ எடுப்பவருக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல், நிற்காத இரத்தம், திடீர்ப் பிதற்றல். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது பக்கத்து அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோகும், மஹரகமவுக்குப் போகச் சொல்லிக் கேட்கமுடியாது.

வீட்டில்: படுத்த படுக்கை என்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள், குதிக்கால்களைத் தலகணியில் உயர்த்தி வையுங்கள். காற்று மெத்தையைப் புதிதாக வாங்கமுன் ஊரில் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள், சில மாதம் பாவித்துவிட்டு வைத்திருக்கும் வீடு எங்காவது இருக்கும். மூச்சு முட்டலுக்கு முகத்துக்கு நேரே ஒரு சின்ன மேசை விசிறி நன்றாக உதவும். பசி குறைவது நோயின் வேலை. ஊட்டாததால் சாகப்போவதில்லை, வற்புறுத்தி ஊட்டினால் புரைக்கேறும்.

8. எங்கே, எப்படி

வீட்டிலா வைத்தியசாலையிலா என்று அவரிடம் கேட்டு முன்கூட்டியே தீர்மானியுங்கள். வீடு என்றால் கிராம உத்தியோகத்தரிடம் நோய் பற்றி முதலே சொல்லி, அவர் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் நடந்த இயற்கை மரணத்தில் அவருடைய அறிக்கையோடுதான் மரணப் பதிவாளரிடம் போகவேண்டும். 5 நாளுக்குள் அறிவிக்கவேண்டும். டயக்னோசிஸ் கார்ட் கொப்பி கையில் இருந்தால் கேள்விகள் குறையும். ஜனாஸா அன்றே அடக்கவேண்டிய வீட்டில் இந்த ஒரு கடதாசி பல மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கும்.

பொறி இங்கேதான்: வீட்டில் சாக விரும்பியவரை, மூச்சு இழுக்கத் தொடங்கியதும் பயந்து ஓட்டோவில் ஏற்றுவது. வழியில் உயிர் போனால் வைத்தியசாலைக்கு இறந்த நிலையில் வந்தவர் ஆகிவிடுவார். திடீர் மரண விசாரணை அதிகாரி வரவேண்டும், உடல் கிடைக்கத் தாமதமாகும், சிலவேளை பிரேத பரிசோதனையும் நடக்கும். கடைசி நாட்களில் கை கால் குளிர்வதும், மூச்சு விட்டு விட்டு வருவதும், தொண்டையில் கறகறப்பதும் வழக்கம் என்று வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லி வையுங்கள். கறகறப்பு கேட்பவருக்குத்தான் பயங்கரம், அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருபக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் குறையும்.

எரிப்பதா புதைப்பதா, அந்தியேட்டி கன்னியாவிலா கடற்கரையிலா, யார் கொள்ளி வைப்பது என்பதையும் இந்தக் கதையோடே கேட்டுவிடலாம். கேட்டால் பெரும்பாலானோர் நிம்மதியாகச் சொல்வார்கள்.

9. கடதாசிகள்

செய்தி சொல்லி இரண்டு கிழமைக்குள் தொடங்குங்கள். மருந்து மயக்கம் கூடிய பிறகு வாங்கிய கையெழுத்தை எந்தச் சகோதரமும் வழக்கில் கேள்வி கேட்கலாம். கையெழுத்து நாளன்று காலையில், தெளிவாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். மனத்தெளிவோடு இருக்கிறார் என்று அன்றைய தேதியில் டொக்டர் ஒருவரின் கடிதமும் இருந்தால் நல்லது.

மரண சாதனம் (உயில்): 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் 2 சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் 5 சாட்சிகள். நொத்தாரிசோடு செய்வதே பாதுகாப்பு. வீட்டுக்கு வந்து செய்வாரா, போக்குவரத்தோடு எவ்வளவு என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். பூர்வீகம் யாழ்ப்பாணம் என்றால் தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டம் குறுக்கே வரலாம், முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுரிமைச் சட்டம் தனி. இதை நொத்தாரிசிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவம் எழுதினால் எல்லாம் சரி என்று நம்புகிறவர்கள் பலர். எழுதிக்கொடுத்தவர் இறந்த கணத்தில் அது செல்லாது.

பேர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி): கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் அதிகம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணிக்குப் பின்னுரித்தாளரை (அடுத்து உரிமை பெறுபவரை) நியமித்து, காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்திருக்கவேண்டும். பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய் நியமனம் இருக்கிறதா, யார் பெயரில் என்று பாருங்கள். முப்பது வருசத்துக்கு முன் போட்ட பெயர் இறந்துபோன அண்ணனுடையதாக இருக்கும்.

வங்கி, ஊழியர் சேமலாப நிதி, காப்புறுதி: ஒவ்வொன்றிலும் நோயாளிக்குப் பின் காசு பெறப் பெயர் குறிக்கப்பட்டவர் யார் என்று பாருங்கள். கலியாணத்துக்கு முன் தாயின் பெயரைப் போட்டுவிட்டு மாற்றாதவர்கள் ஏராளம். காப்புறுதிக் கட்டணம் ஒரு மாதமும் தவறக்கூடாது. வேலையில் இருப்பவர் நிரந்தரமாக இயலாமற் போனால் சேமலாப நிதியை உயிரோடு இருக்கும்போதே எடுக்க வழி உண்டு, வைத்தியச் சான்றோடு தொழில் திணைக்களத்தில் கேளுங்கள்.

கடைசியாக யாரும் எழுதாத பட்டியல்: அடகுத் துண்டுகள், சீட்டுக் காசு, கைமாற்று, பிணை நின்ற கடன், வள்ளமும் இயந்திரமும் யார் பெயரில், மோட்டார் சைக்கிள் புத்தகம் எங்கே. அடகு வைத்த நகையை அவர் கையெழுத்தோடு இப்போதே மீட்பது சுலபம்.

10. காசு

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கரைவது வேறு இடத்தில்: வான் கூலி, பம்பர்ஸ், வெளியே எழுதும் மருந்தும் ஸ்கேனும், வேலைக்குப் போகாத நாள். முதல் மாதச் செலவை எழுதி வைத்தால் வெளிநாட்டு உறவினரிடம் கேட்க ஒரு கணக்கு இருக்கும். ஒரே ஆள் காசை வாங்கட்டும், ஒரே ஆள் கணக்கு வைக்கட்டும்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து நோயாளர் உதவிப் பணம் பற்றியும், ஜனாதிபதி நிதிய மருத்துவ உதவி பற்றியும் கேளுங்கள். இப்போது அந்த விண்ணப்பத்துக்குக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். பெரிய செலவு செய்யமுன் கேளுங்கள், பற்றுச்சீட்டை எறியாதீர்கள். கொண்டுபோகவேண்டியவை: அடையாள அட்டை, டயக்னோசிஸ் கார்ட், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் இரண்டு கொப்பி.

11. பார்க்கிறவர்

இரவு விழிப்பை ஒருவரே ஏற்கவேண்டாம். மூன்று இரவுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி, பெயர் போட்டு அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஆண்பிள்ளைகள் பெயரும் அதில் வரட்டும். மனம் தாங்காமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். இறந்த பிறகு மரணச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதிகள் குறைந்தது ஐந்து ஒன்றாகவே எடுத்துவிடுங்கள். வங்கி, காப்புறுதி, சேமலாப நிதி, காணிக் கிளை, பாடசாலை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள்.